மாறன் என்று பெயரிட்ட பெற்றோர்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய இடங்களிலிருந்து உத்ஸவ ஸேவைக்காக வந்து கூடியிருக்கும் ஆஸ்திக அன்பர்களுக்கும் தாய்மார்களுக்கும் அடியேனுடைய விண்ணப்பம்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பேட்டைக்குப் புளியந்தோப்பு என்று பெயர். தோப்பு மறைந்து வெகு காலமாகிறது. மரங்கள் நின்ற இடத்தில் பட்டறைகளும், ரயில் பாதைகளும், அடுக்குக் குடியிருப்புகளும் வந்துவிட்டன. பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. ஆயினும் வைஷ்ணவன் ஒருவன் புளிய மரம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அவன் நெஞ்சு தாமிரபரணிக் கரைக்கு ஓடிவிடும். அங்கே திருக்குருகூரில், ஆழ்வார்திருநகரி என்று இன்று நாம் வழங்கும் திவ்யதேசத்தில், திருப்புளியாழ்வார் என்று போற்றப்படும் மரம் இன்றும் ஸேவை ஸாதிக்கிறது. இரவிலும் இலை மூடாத மரம் என்பதால் உறங்காப்புளி என்றும் அதற்குத் திருநாமம் உண்டு. அம்மரத்தடியில் பதினாறு ஆண்டுகள் பேசாமல் வீற்றிருந்த ஒரு குழந்தையைப் பற்றியும், அக்குழந்தையைப் பெற்றவர்களைப் பற்றியும் சில வார்த்தைகள் விண்ணப்பிக்க விரும்புகிறேன்.

ஸ்வாமி நம்மாழ்வாரின் வைபவம் யாவரும் அறிந்ததே. காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் நெடுநாள் புத்திர பாக்கியம் இன்றி இருந்து, எம்பெருமானைப் பிரார்த்தித்து, அதன் பலனாகப் பிறந்த ஒரே குழந்தை. பிறந்த குழந்தை அழவில்லை. தாயின் முலைப்பாலை நாடவில்லை. கண் விழித்துப் பெற்றவள் முகத்தைப் பார்க்கவில்லை. குரல் கொடுத்தால் திரும்பவில்லை. ஆனாலும் திருமேனி வாடாமல் வளர்ந்தது. உலக இயற்கைக்கு மாறாக இருந்தமையால் பெற்றோர் அக்குழந்தைக்கு மாறன் என்று பெயரிட்டார்கள் என்று பெரியோர் கூறுவர். பன்னிரண்டாம் நாள் குழந்தையை எடுத்துக்கொண்டு பொலிந்துநின்ற பிரான் ஸந்நிதிக்கு வந்து, எம்பெருமான் திருமுன்பே விட்டு, அங்கிருந்த புளிய மரத்தடியில் அமர்த்தினார்கள். பதினாறு ஆண்டுகள் சென்றபின், திருக்கோளூரில் அவதரித்த மதுரகவிகள் வடதேச யாத்திரையிலிருந்து ஒரு ஜோதியைப் பின்பற்றி வந்து, அவ்விளைஞர் முன் நின்று, ஆத்மாவைப் பற்றி ஒரு வினா எழுப்பினார். அதுவரை திறவாத திருவாய் அன்று மலர்ந்தது.

இந்தச் சரித்திரத்தைக் கேட்கும்போது நாம் எல்லோரும் அந்தப் பதினாறு ஆண்டுகளை ஒரே மூச்சில் தாண்டிப் போய்விடுகிறோம். மதுரகவிகள் வரப்போகிறார் என்பது நமக்குத் தெரியும்; அதனால் நமக்குக் கவலை இல்லை. உடையநங்கையாருக்கு அது தெரியாது. இன்று கண் திறப்பானா, நாளை அம்மா என்பானா என்று அந்தத் தாய் விடிந்த பொழுதெல்லாம் பார்த்திருப்பாள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருப்பார்கள். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு, அந்தத் தம்பதிகள் மூன்று காரியங்கள் செய்தார்கள். முதலாவது, குழந்தை மற்றக் குழந்தைகளைப் போல இல்லை என்ற உண்மையை மறைக்காமல், அந்த மாறுபாட்டையே பெயராகச் சூட்டி ஊரறிய அழைத்தார்கள். இரண்டாவது, குழந்தையை வீட்டுக்குள் ஒளிக்காமல் ஊர் கூடும் கோயிலுக்கே கொண்டுவந்தார்கள். மூன்றாவது, அதை மாற்றித் தரவேண்டும் என்று முரண்டு பிடிக்காமல், எம்பெருமான் உடைமை என்று உள்ளபடியே அவன் திருமுன்பு வைத்தார்கள். குழந்தை பேசிய பிறகு ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர் அவர்கள். பேசாத நாளிலேயே ஏற்றுக்கொண்டவர்கள்.

இப்போது இதை விண்ணப்பிப்பதற்குக் காரணம் உண்டு. உத்ஸவக் கூட்டத்தில் அடியேன் அடிக்கடி காணும் காட்சி இது. தீபாராதனை வேளையில் மேளமும் மணியும் சேர்ந்து முழங்கும்போது ஒரு குழந்தை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கதறும். அல்லது ஒரே இடத்தில் நின்று சுற்றிச் சுற்றி வரும். கைகளைப் பறவையின் இறக்கை போல அடித்துக்கொள்ளும். எட்டு வயது ஆகியிருக்கும், ஒரு வார்த்தை பேசாது. பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். தாய் தலையைக் குனிந்துகொண்டு, தீர்த்தம் கூட வாங்காமல், குழந்தையை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். அடுத்த ஆண்டு அந்தக் குடும்பத்தைக் காண முடியாது. பெருமாளை ஸேவிக்க வந்த ஒரு ஜீவன் நம்முடைய பார்வையால் விரட்டப்பட்டுவிட்டது என்றால் அது சாமான்யமான விஷயமா?

இத்தகைய குழந்தைகளின் நிலைக்கு வைத்தியர்கள் ஆட்டிசம் என்று பெயர் சொல்லுகிறார்கள். தமிழில் மதியிறுக்கம் என்றும் வழங்குகிறார்கள். இது தொற்று நோய் அன்று, பைத்தியமும் அன்று. கருவிலேயே மூளை வளரும் விதத்தில் ஏற்படும் ஒரு வேறுபாடு. 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் லியோ கானர் என்ற வைத்தியர் பதினொரு குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதி இதை உலகத்தார் கவனத்திற்குக் கொண்டுவந்தார். 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 127 பேருக்கு ஒருவர் இந்நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்படியானால் ஓராயிரம் பேர் கூடும் உத்ஸவத்தில் ஏழெட்டுப் பேராவது இருக்க வேண்டும். அவர்கள் நம் கண்ணில் படவில்லை என்றால், ஒன்று நாம் அறிந்துகொள்ளவில்லை, அல்லது அவர்கள் வீட்டோடு இருத்தப்பட்டிருக்கிறார்கள்.

இக்குழந்தைகளைப் பெற்றவர்கள் மீது ஊரார் சுமத்தும் பழிகள் மூன்று. பெற்றவர்கள் செய்த பாவம் என்பது ஒன்று. காற்றோ கருப்போ பிடித்திருக்கிறது என்பது மற்றொன்று. தாய் சரியாக வளர்க்கவில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றையும் சாஸ்திரக் கண்கொண்டும், இன்றைய அறிவு கொண்டும் சற்று ஆராய்வோம்.

பாவம் என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். கர்மம் உண்டு என்பது நம் ஸித்தாந்தம்; அதில் ஐயமில்லை. ஆனால் பிறவி எடுத்த யாவரும் கர்ம ஸம்பந்தத்தாலேயே பிறந்திருக்கிறோம். வேதம் படித்தவனும், மூட்டை தூக்குபவனும், இந்தப் பத்திரிகையில் எழுதும் அடியேனும், இதைப் படிக்கும் தேவரீரும் எல்லோரும் அதே வரிசையில் நிற்பவர்கள்தாம். அநாதியான அந்தக் கணக்கு ஸர்வஜ்ஞனான எம்பெருமான் ஒருவனுக்கே தெரியும். அடுத்த வீட்டுக் கணக்கைப் பிரித்து வாசிக்க நமக்கு எந்த சாஸ்திரமும் அதிகாரம் கொடுக்கவில்லை. மேலும், ஆத்மா எல்லாச் சரீரங்களிலும் ஞானமும் ஆனந்தமும் வடிவான ஒன்றே. சரீரத்தின் அமைப்பால் அந்த ஞானம் வெளிப்படுவதில் ஏற்றக்குறைவு தோன்றுமே தவிர, ஆத்ம ஸ்வரூபத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்று நம் ஆசார்யர்கள் ஐயமறத் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். பேசாத குழந்தைக்குள் இருக்கும் ஆத்மாவும் எம்பெருமானுக்கே சேஷமானது. அதைப் பழிப்பவன் யாரைப் பழிக்கிறான் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். பகவத் அபசாரத்தைக் காட்டிலும் பாகவத அபசாரம் கொடியது என்பதும் நமக்குத் தெரிந்ததே.

காற்று, கருப்பு என்னும் பேச்சுக்கு விடை சுருக்கமானது. இக்குழந்தைகளை எதுவும் பிடித்திருக்கவில்லை. ஆகையால் விரட்ட வேண்டியதும் எதுவும் இல்லை. வேப்பிலை அடிப்பதும், சூடு போடுவதும், பட்டினி போடுவதும், கட்டி வைப்பதும் ஹிம்ஸை. வாய் திறந்து வலிக்கிறது என்று சொல்ல முடியாத ஒரு ஜீவனுக்குச் செய்யும் ஹிம்ஸை இன்னும் கொடியது.

தாய் சரியாக வளர்க்கவில்லை என்னும் மூன்றாவது பழி நம் தெருவில் மட்டும் உள்ளதன்று. படித்தவர்கள் நிறைந்த மேல்நாடுகளிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இதையே சாதித்தார்கள். தாயின் மனம் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்ததால் குழந்தை உள்ளுக்குள் சுருங்கிவிட்டது என்று பெரிய பெரிய பண்டிதர்கள் எழுதினார்கள். எத்தனையோ தாய்மார்கள் தாங்களே தங்கள் குழந்தையைக் கெடுத்துவிட்டதாக நம்பிக் கண்ணீர் விட்டார்கள். 1964-ஆம் ஆண்டு பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற மனநூல் அறிஞர், தாமே இத்தகைய ஒரு பிள்ளையின் தகப்பனார், அந்தக் கொள்கைக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பதை ஒரு நூலில் எடுத்துக்காட்டினார். 1977-இல் இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி, இது பெரும்பாலும் பிறப்போடு வருவது என்பதை நிலைநாட்டியது. இவற்றுக்கு இடையே 1969-இல், கானர் என்னும் அதே வைத்தியர், பெற்றோர் கூடியிருந்த ஒரு சபையில் எழுந்து நின்று, பெற்றோர்கள் குற்றமற்றவர்கள் என்று வாயாரச் சொன்னார். உலகமே மதித்த வைத்தியர் அந்தப் பழியைத் துடைத்தெறிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும், நம் தெருத் திண்ணையில் அதே பழியை நாம் சுமத்திக்கொண்டிருப்பது நியாயமா?

இந்தத் தாய்மார்களின் மனத்தை அதிகமாக வாட்டுவது ஒன்று உண்டு. கைக்குழந்தையைத் தூக்கப் போனால், மற்றக் குழந்தைகள் கைகளை நீட்டி உடலை முன்னே கொடுக்கும். தூக்கியதும் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். இக்குழந்தைகளில் பலர் அப்படிச் செய்வதில்லை என்று கானர் அந்த முதல் கட்டுரையிலேயே குறித்திருக்கிறார். என் பிள்ளைக்கு என்மேல் பாசம் இல்லையோ, என்னை அம்மா என்று அறியவே இல்லையோ என்று தாய் ஏங்குகிறாள்.

அம்மா, உங்களுக்கு நம் ஸம்பிரதாயத்தில் விடை இருக்கிறது. பகவானைப் பற்றும் விதத்திற்கு இரண்டு திருஷ்டாந்தங்களைப் பெரியோர் சொல்வார்கள். குரங்குக் குட்டி தன் தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டி எதையும் பற்றாது. தாய்ப்பூனை அதைத் தன் வாயால் கவ்விப் பத்திரமான இடத்திற்கு எடுத்துச் செல்லும். பூனைக் குட்டி பற்றவில்லை என்பதால் அது தாய்க்கு அந்நியம் ஆகிவிடுமா? ஆகாது. பற்றும் பொறுப்பு முழுவதையும் அங்கே தாய் ஏற்றிருக்கிறாள், அவ்வளவுதான். உங்கள் குழந்தை பூனைக் குட்டி. அதன் அன்பு அதன் உள்ளே இருக்கிறது. அதைக் கையால் காட்டும் வழி அதற்கு வேறாக இருக்கிறது. மடியில் வந்து அமராத பிள்ளை, நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் புடவையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கக் கூடும். அதுவும் அம்மா என்ற அழைப்புத்தான். எம்பெருமான் நம்மைப் பற்றியிருப்பது போல நீங்கள் அதைப் பற்றியிருக்கிறீர்கள். உங்களுக்கு வாய்த்திருப்பது அவனுடைய வாத்ஸல்யத்தில் ஒரு பங்கு.

ஆனால் பற்றியிருப்பது மட்டும் போதாது, அறிந்துகொள்ளவும் வேண்டும். ஸ்ரீமத் பாகவதம் ஐந்தாவது ஸ்கந்தத்தில் ஜடபரதர் சரித்திரம் வருகிறது. அவரை ஊரார் மந்தன் என்றும் செவிடன் என்றும் எண்ணினார்கள். தமையன்மார்கள் வயல்வேலைக்கு விரட்டி, நொய்யும் தவிடும் அடிப்பிடித்த சோறும் போட்டார்கள். ஒரு நாள் ஸிந்து ஸௌவீர தேசத்து அரசன் ரஹூகணனுடைய பல்லக்கைச் சுமக்க அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் தோள் கொடுத்ததும் பல்லக்குக் குலுங்கியது. அரசன் ஏளனம் செய்தான், பிறகு அதட்டினான். காரணம் என்னவென்றால், காலடியில் எறும்பு முதலிய ஜந்துக்கள் மிதிபடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அடி வைத்தார் அவர். பல்லக்கில் இருந்தவனுக்குத் தெரிந்தது குலுக்கல் மட்டும். குலுக்கலுக்கு உள்ளே இருந்த காரணம் தெரியவில்லை. தெரிந்தபோது பல்லக்கை விட்டு இறங்கி அவர் திருவடிகளில் விழுந்தான்.

நம் குழந்தைகள் விஷயத்திலும் பல்லக்கில் இருப்பவர்கள் நாம். குழந்தை கத்துகிறது, தரையில் புரளுகிறது, சோற்றைத் தட்டிவிடுகிறது என்று மட்டும் நாம் பார்க்கிறோம். காரணம் அதற்குள் இருக்கிறது. இக்குழந்தைகளில் பலருக்கு ஓசை, ஒளி, தொடுகை, மணம், சுவை ஆகியவை நமக்குத் தெரிவது போலத் தெரிவதில்லை. நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் ஓசை அவர்கள் காதில் ஆணி அறைவது போலப் பாயலாம். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற அம்மையார் இருக்கிறார். சிறு வயதில் பேச்சு வராமல் இருந்து, பின்னர் கால்நடை விஞ்ஞானத்தில் பேராசிரியர் ஆனவர். உரத்த ஓசை தம்மை எவ்வளவு வருத்தியது, பிறர் கட்டியணைத்தால் எப்படித் திணறிப்போனார் என்றெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். பேசின் பிரிட்ஜ் ரயில் ஓசையும், துறைமுகச் சாலை லாரிகளும், மேல்வீட்டுக் குழாயடிச் சண்டையும் ஓயாத நம் பேட்டையில், ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில், அத்தகைய ஒரு குழந்தை நாள் முழுதும் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அதன் அழுகையின் பொருள் விளங்கும். அடம் என்று நாம் பெயர் வைத்தது பல சமயம் வேதனையாகவே இருக்கும். வேதனைக்கு அடி மருந்தாகாது.

ஆகவே குழந்தை கதறும்போது, அதை எப்படி நிறுத்துவது என்று கேட்பதற்கு முன், எதனால் வந்தது என்று பாருங்கள். வழக்கமான வழியை விட்டு வேறு தெருவில் அழைத்துச் சென்றீர்களா? புதுச் சட்டையின் ஓரம் கழுத்தில் உறுத்துகிறதா? வயிறு வலிக்கிறதா, பல் வலிக்கிறதா? நாளின் காரியங்களை ஒரே முறையில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் வருமானால் முன்கூட்டியே காட்டிச் சொல்லுங்கள். வாய்ச்சொல் வராத குழந்தைக்குப் படங்களைக் காட்டிப் பேசப் பழக்குங்கள். சோறு, தண்ணீர், கழிவறை, தூக்கம், போதும் என்று ஐந்து படங்கள் கைவசம் இருந்தாலே பாதி அழுகை குறைந்த வீடுகள் உண்டு. எம்பெருமானார் ஓர் ஊமையனைத் தனியே உள்ளே அழைத்துச் சென்று, தம் திருவடிகளே தஞ்சம் என்பதைச் சைகையாலேயே உணர்த்தியருளினார் என்றும், கதவிடுக்கு வழியே அதைக் கண்ட கூரத்தாழ்வான், ஸகல சாஸ்திரங்களையும் கற்ற தாம் ஊமையாய்ப் பிறந்திருக்கலாகாதா என்று மயங்கிச் சோர்ந்தார் என்றும் பெரியோர் சொல்லி வருவார்கள். ஸ்ரீபாஷ்யம் அருளிய ஆசார்யர், பேசாதவனுக்காகத் தம் வாக்கை ஒதுக்கிவைத்து, அவனுடைய பாஷையில் பேசினார். நம் பிள்ளையின் பாஷையைக் கற்க நாம் தயங்கலாமா?

ஏற்றுக்கொள்வதால் ஒரு குழந்தையின் வாழ்வு எப்படி மாறும் என்பதற்கு மெய்யான ஒரு சரித்திரம் உண்டு. கானர் எழுதிய பதினொருவரில் முதல்வர் டொனால்ட் டிரிப்லெட் என்பவர். 1933-இல் மிஸிஸிப்பி மாகாணத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். மூன்று வயதில் வைத்தியர்கள் சொல்லைக் கேட்டுப் பெற்றோர் அவரை ஒரு விடுதியில் சேர்த்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு சென்றதும் மனம் பொறாமல் வீட்டுக்கே திரும்ப அழைத்து வந்தார்கள். பிறகு சில காலம் அருகிலிருந்த ஒரு விவசாயத் தம்பதியின் வீட்டில் வளர்ந்தார். அந்தப் பிள்ளைக்கு எதைக் கண்டாலும் அளக்க வேண்டும், எண்ண வேண்டும் என்ற தணியாத வேட்கை. அந்த விவசாயி அதைத் தடுக்கவில்லை. கிணறு தோண்டச் சொல்லி எவ்வளவு ஆழம் என்று அளந்து சொல்லச் செய்தார். சோளக் கொல்லையில் வரிசைகளை எண்ணிக்கொண்டே நின்ற பிள்ளையின் கையில் ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணு என்றார். ஊரார் பைத்தியம் என்று சொல்லக்கூடிய ஒன்றை, ஒரு குடியானவர் தொழிலாக மாற்றிவிட்டார். டொனால்ட் பின்னர் கல்லூரியில் படித்து 1958-இல் பட்டம் பெற்றார், தம் குடும்பத்தார் பங்குகொண்டிருந்த வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், பல தேசங்களுக்குத் தனியாகப் பயணம் செய்தார். கடைசி வரை அவருடைய விநோதங்கள் போகவில்லை. ஊரார் அந்த விநோதங்களோடேயே அவரைத் தங்களில் ஒருவராக வைத்துக் காத்தார்கள். 2023-இல், 89-ஆம் வயதில், தம் சொந்த ஊரிலேயே மறைந்தார். அவருக்குப் பணவசதி இருந்தது உண்மை. ஆனால் ஊராரின் பரிவைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

இங்கே அடியேன் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். நம்மாழ்வார் சரித்திரத்தைச் சொன்னதால், உங்கள் பிள்ளையும் பதினாறாம் வயதில் வாய் திறந்து பாடுவான் என்று அடியேன் வாக்குக் கொடுப்பதாக நினைக்கலாகாது. ஆழ்வாரின் மௌனம் அவதார ரஹஸ்யம். அதை எந்த வைத்தியப் பெயராலும் அழைப்பது தகாது. உங்கள் பிள்ளையின் நிலை சாபமும் அன்று, அவதாரமும் அன்று. சில குழந்தைகள் நன்றாகப் பேசி, படித்து, உத்தியோகம் செய்வார்கள். சில குழந்தைகள் ஆயுள் முழுவதும் பேசாமலும், குளிக்கவும் உண்ணவும் பிறர் துணையை வேண்டியும் இருப்பார்கள். இருவரும் எம்பெருமானுக்கு ஒரே அளவு உரியவர்கள். ஆழ்வாரின் பெற்றோரிடம் நாம் கற்க வேண்டியது பலனை எதிர்பாராத அந்த ஏற்பைத்தான்.

ஏற்றுக்கொள்வது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அன்று. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமை, கண்ணைப் பார்க்காமை, வந்த ஓரிரு சொற்களும் மறைந்து போதல், பொம்மைகளை வரிசையாக மட்டுமே அடுக்குதல் போன்றவை இரண்டு வயதுக்குள்ளேயே தென்படலாம். தகப்பனும் தாமதமாகத்தான் பேசினான் என்று பாட்டி சொல்லுவதைக் கேட்டு ஐந்து வயது வரை காத்திருக்க வேண்டாம். எழும்பூரில் அரசினர் குழந்தைகள் மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பரிசோதிப்பார்கள். பின்பு பேச்சுப் பயிற்சியும், கை, உடல், புலன்களுக்கான பயிற்சியும் அளிப்பார்கள். இளம் வயதில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். அடியோடு குணமாக்கும் மருந்து இதற்குக் கிடையாது. குணமாக்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில், லக்ஷக்கணக்கில் பணம் கேட்பவர் தாயத்துக் கட்டினாலும் சரி, ஊசி போட்டாலும் சரி, அவரிடம் வீட்டு நகையைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட 21 வகைகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் பெற்ற குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. நமக்குப் பின் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விதான் இந்தப் பெற்றோரை நள்ளிரவில் எழுப்பி உட்கார வைக்கிறது. அதற்காகவே 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 18 வயது நிறைந்த பின்னும் தாமே தம்மைப் பார்த்துக்கொள்ள இயலாதவருக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்க அதில் வழி இருக்கிறது. அந்த அறக்கட்டளையின் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லக்ஷம் ரூபாய் வரை உதவி உண்டு.

தகப்பனார்களுக்கு ஒரு வார்த்தை. துறைமுகத்திலும், மணலி ஆலைகளிலும், பட்டறைகளிலும் இரவு பகல் முறை வேலை செய்து களைத்து வருகிறீர்கள். இருந்தாலும் இந்தப் பாரத்தைத் தாய் ஒருத்தியின் தோளில் இறக்கிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சரித்திரம் உடையநங்கையாரை மட்டும் சொல்லவில்லை. காரியாரையும் சேர்த்தே சொல்கிறது. உடன்பிறந்த குழந்தைகளையும் மறக்க வேண்டாம். தம்பிக்காக எப்போதும் விட்டுக்கொடுக்கும் அக்காவுக்கும் வாரத்தில் ஒரு பொழுது தாயும் தகப்பனும் தனியே வேண்டும்.

இனி, உத்ஸவத்திற்கு வந்திருக்கும் மற்ற அன்பர்களிடம் அடியேனுடைய பிரார்த்தனை. புரட்டாசியில் திருமலைக்குச் செல்லும் திருக்குடைகள் நம் பக்கத்துப் பட்டாளம், ஓட்டேரி வழியாக எழுந்தருளும்போது எள் போட இடமில்லாத கூட்டத்திலும் குடைக்கு வழி விடுகிறோம். அதே போல இந்தக் குழந்தைக்கும் வழி விடுங்கள். வரிசையில் நிற்க இயலாமல் தவிக்கும் குழந்தையைக் கண்டால் முன்னே அனுப்புங்கள். உற்றுப் பார்க்காதீர்கள், என்ன செய்கிறது என்று விசாரணையும் வேண்டாம். தாயிடம் ஒரு கை கொடுக்கட்டுமா அம்மா என்று கேட்டாலே போதும். பெற்றோர்களும், வேண்டுமானால் கூட்டமும் மேளமும் இல்லாத காலை வேளையில் முதலில் அழைத்து வாருங்கள். காதுக்குப் பஞ்சோ மூடியோ வைத்துக்கொள்ளுங்கள். துவஜஸ்தம்பம் வரை ஒரு நாள், மஹாமண்டபம் வரை மறு நாள் என்று படிப்படியாகப் பழக்குங்கள். குழந்தை உரக்கக் கத்தினாலும் ஆராதனத்திற்குக் குறை வந்துவிடாது. யசோதைப் பிராட்டி வீட்டில் பானைகளை உடைத்த எம்பெருமானுக்குக் குழந்தையின் கூச்சல் புதிதன்று.

பொலிந்துநின்ற பிரான் ஸந்நிதியில் பேசாத ஒரு குழந்தைக்கு இடம் இல்லை என்று குருகூரார் அன்று விரட்டியிருந்தால் நமக்குத் திருவாய்மொழி கிடைத்திருக்குமா? அவர்கள் ஒரு மரத்தின் நிழலை விட்டுக்கொடுத்தார்கள். புளிய மரத்தின் பெயரைத் தாங்கியிருக்கும் இந்தப் பேட்டையில் மரம் இல்லாவிட்டாலும் நிழல் இருக்க வேண்டும். அந்த நிழலை மனிதர்களாகிய நாம்தான் தர வேண்டும். கண் நிறைந்த பிள்ளைகளோடு வருபவர்களும், கண்ணீர் நிறைந்த மனத்தோடு வருபவர்களும் ஒரே ஸந்நிதியில் ஒன்றாக நின்று தீர்த்த ப்ரஸாதம் பெற்று ஸுகமாக வாழ, பிராட்டியோடு எழுந்தருளியிருக்கும் எம்பெருமான் திருவடிகளைப் பிரார்த்திக்கிறேன்.

சுபம்.

அடியேன், ராமாநுஜ தாஸன்.